எல்லிஸ் தீவில் மாட்டிக்கொண்ட தச்சர்

பதினோரு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு கோயம்புத்தூர் திரும்பியவன் நான். ஆறு மாசம்னு நினைச்சு வந்தது நாலு வருஷமாச்சு. கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே தங்கப்போகிறார் என்றால், கிளம்பும் முன்பே ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கணும். நான் செய்யலை. கடைசியில் ஐ-407 படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டேன். போன மாசம் ஒரு கல்யாணத்துக்காக விசிட்டர் விசாவில் போனபோது, விமான நிலையத்தில் கால் பழக்கதோஷத்தில் பழைய வரிசைக்கே போச்சு. அங்கிருந்து திருப்பி அனுப்பினாங்க. "எத்தனை நாள் தங்குவீங்க?" "பத்து நாள்." முத்திரை விழுந்தது. அவ்வளவுதான்.

அந்த வரிசையில் நிற்கும்போது நினைவுக்கு வந்தவர் இக்னாட்ஸ் மெசெய்.

தச்சு வேலை செய்தவர். 1923-ல் அமெரிக்கா வந்து, பஃபலோ நகரில் 25 வருஷம் குடும்பத்தோடு சட்டப்படி வாழ்ந்தவர். 1948-ல் ருமேனியாவில் தாய் சாகக் கிடக்கிறார் என்று கிளம்பிப் போனார். திரும்பி வருவதற்கான அனுமதிச் சீட்டு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. ருமேனியா அவரை உள்ளேயே விடலை. ஹங்கேரியில் 19 மாசம் மாட்டிக்கொண்டார். புடாபெஸ்டில் இருந்த அமெரிக்கத் தூதரகம் புதிதாகக் குடியேற்ற விசாவே கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு 1950 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகம் வந்து சேர்ந்தார்.

எல்லிஸ் தீவில் நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புக் காரணம். என்ன காரணம்? ரகசியம். நீதிபதிக்குத் தனியாகக்கூடக் காட்ட மாட்டோம்னு அரசு சொல்லிவிட்டது. சரி, திருப்பி அனுப்பலாம்னா பிரான்ஸ் ஏற்கலை, பிரிட்டன் ஏற்கலை, ஹங்கேரியும் ஏற்கலை. லத்தீன் அமெரிக்க நாடுகள் ஒரு டஜனுக்கு எழுதிப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கலை. கண்ணெதிரே நியூயார்க். ஆனா சட்டத்தின் கணக்கில் அவர் இன்னும் நாட்டுக்குள்ளேயே வரவில்லை!

21 மாசம் கழித்து, கீழ் நீதிமன்றம் ஜாமீனில் வெளியே விட்டது. அரசு விடலை. 1953 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மறுபடியும் தீவு.

இதில் என்னை உறுத்துவது இன்னொரு வழக்கு. அதே நீதிமன்றம் முந்தைய மாதம்தான் குவாங் ஹை சியூ என்ற சீன மாலுமிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. அவரும் நிரந்தரக் குடியிருப்பாளர். அவரையும் ரகசியக் காரணம் சொல்லித்தான் தடுத்தார்கள். ஆனால் அவர் உரிய அனுமதியோடு அமெரிக்கக் கப்பலில் வேலைக்குப் போய்ச் சில மாதங்களில் திரும்பியவர். ஆகவே வீட்டிலேயே இருந்தவர் மாதிரிதான், விசாரணை கேட்க உரிமை உண்டு என்றது நீதிமன்றம். மெசெய் காகிதம் இல்லாமல் போனார், 19 மாசம் இரும்புத்திரைக்குப் பின்னால் இருந்தார். 25 வருஷம் கணக்கில் சேரவில்லை. நாலு நீதிபதிகளுக்கு ஒப்பாத இந்த வாதம் எனக்கும் ஒப்பலை.

பிறகு ஒருவழியாக விசாரணை வைத்தார்கள். வெளியே வந்தது என்ன? கம்யூனிஸ்டுச் சாய்வுள்ள ஒரு தொழிலாளர் காப்பீட்டுச் சங்கத்தில் இருந்தார், திருட்டு மாவு மூட்டை வாங்கியதாக ஒரு பழைய சில்லறை வழக்கு. இதுக்குத்தான் இத்தனை ரகசியம்! அப்பவும் அனுமதி கிடைக்கலை. 1954 ஆகஸ்டில் பரோலில் மட்டும் விட்டார்கள். நவம்பரில் எல்லிஸ் தீவு நிலையமே மூடப்பட்டது. பரோல் என்பது அனுமதி ஆகாது. பஃபலோவில் சொந்த வீட்டில் இருந்தபோதும், சட்டத்துக்கு அவர் எல்லையில் நிற்கும் ஆள்தான்.