கேட்டவருக்கே மீண்ட பொருள்

பொய் உரைத்து விற்பது ஒருவகை. உரைக்க வேண்டியதை உரையாது விற்பது மற்றொரு வகை. இரண்டாவதனை அரபுச் சட்ட நூலார் ‘தத்லீஸ்’ என்பர். இருள் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது அச்சொல். சரக்கின் குறையை இருளில் வைத்து வாங்குபவரை ஏமாற்றுதல் என்பதே அதன் கருத்து. கால்நடைச் சந்தைக்கும் தானியக் கடைக்கும் வழங்கிய இச்சொல், நம் காலத்தில் பிரித்தானிய நாட்டுப் பெரும் வங்கிகளுக்கும் பொருந்துவதாயிற்று. அங்கே மக்கள் தாம் இழந்த பொருளை வங்கிகளிடமிருந்து மீட்ட வரலாறு நம் இல்லங்களிலும் அறியப்பட வேண்டியதொன்று எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

கடன் வாங்கியவர் நோயுறலாம், விபத்தில் சிக்கலாம், வேலையை இழக்கலாம். அக்காலத்தில் மாதத் தவணையை அவருக்காகக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தும் என்பதே கடன் தவணைக் காப்பீடு. வீட்டுக் கடன், கைக்கடன், கடன் அட்டை ஆகியவற்றோடு இதனைச் சேர்த்து விற்றனர். 1970களிலேயே தொடங்கிய இவ்வழக்கம் 1990க்கும் 2010க்கும் இடையே மிகப் பெருகிற்று. 6 கோடியே 40 லட்சம் பத்திரங்கள் வரை விற்கப்பட்டிருக்கலாம் என்று அந்நாட்டு நிதி நடத்தை ஆணையம் பின்னர் மதிப்பிட்டது.

நோக்கத்தில் குற்றமில்லை, விற்ற முறையிலேதான் குற்றம் புகுந்தது. சொந்தத் தொழில் செய்வோருக்கு வேலையிழப்பு உதவி பெரும்பாலும் கிடைக்காது, அவர்களுக்கும் விற்றனர். பணி ஓய்வு பெற்றோருக்கு இழப்பதற்கு வேலையே இல்லை, அவர்களுக்கும் விற்றனர். முன்னரே நோயுற்றிருந்தோருக்கு அந்நோயின் பொருட்டு உதவி இல்லை என்னும் நிபந்தனை பத்திரத்தில் இருந்தது. பலரிடம் அதனை எடுத்துரைக்கவில்லை. இதனையும் எடுத்தால்தான் கடன் கிடைக்கும் என்று சிலரிடம் கூறினர். வேறு சிலருடைய கடனோடு அவர் அறியாமலே சேர்த்துவிட்டனர். பலவிடங்களில் காப்புத் தொகை முழுவதையும் தொடக்கத்திலேயே கடனோடு கூட்டி, அதற்கும் வட்டி கணக்கிட்டனர். தமக்குப் பயன்படாத காவலுக்குக் கூலியும் கொடுத்து, அக்கூலிக்கு வட்டியும் கட்டினர் மக்கள்.

இதனை முதலில் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தோருள் முக்கியமானது ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ என்னும் இலவச ஆலோசனை நிறுவனம். 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வேளையில் தோன்றிய நிறுவனம் அது. தன்னிடம் வந்தோருடைய குறைகளைத் திரட்டி, 2005 செப்டம்பரில் நியாய வணிக அலுவலகத்திடம் பெரும் முறையீடொன்றை அளித்தது. அவ்வலுவலகம் ஆராய்ந்து, 2007இல் போட்டி ஆணையத்துக்கு அனுப்பிற்று. கடன் விற்கும் அதே வேளையில் இக்காப்பீட்டையும் விற்றல் ஆகாது என்பது 2009 ஜனவரியில் ஆணையம் கண்ட முடிவு. வங்கி ஒன்று எதிர்த்து வழக்காடியதால், அது நடைமுறைக்கு வர மேலும் சில ஆண்டுகள் கடந்தன.

இனி விற்பதைத் தடுத்தல் வேறு. முன்பு விற்றதற்கு ஈடு செய்தல் வேறு. மக்களின் முறையீடுகளை வங்கிகள் எவ்வாறு தீர்க்க வேண்டும் என்று நிதிச் சேவைகள் ஆணையம் 2010 ஆகஸ்டில் விதி வகுத்தது. உடனே வங்கிகளின் சங்கம் நீதிமன்றம் ஏறிற்று. முன்பு நடந்த விற்பனையைப் பின்பு வந்த அளவுகோலால் அளப்பது முறையன்று என்பது அவர்தம் வாதம். வாடிக்கையாளரை நேர்மையாக நடத்த வேண்டும் என்னும் பொதுக் கோட்பாடு முன்னரே இருந்ததன்றோ? உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 20 அன்று வழக்கைத் தள்ளிற்று. மே 5 அன்று லாயிட்ஸ் குழுமம் தனித்து விலகி, 320 கோடி பவுண்டை ஈட்டுக்கென ஒதுக்கியது. சில நாள்களில் சங்கமும் மேல்முறையீடு செய்வதில்லை என்று அறிவித்தது.

அதன்பின் வழி திறந்தது. மக்கள் வங்கிக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். எட்டு வாரத்துக்குள் வங்கி விடை தர வேண்டும். அவ்விடை நிறைவளிக்காவிடில், ஆறு மாதத்துக்குள் நிதி முறையீட்டு நடுவரிடம் செல்லலாம். இரண்டுக்கும் கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. முறையீடு நியாயமெனக் கண்டால், செலுத்திய காப்புத் தொகையும், அதன்மீது வங்கி வாங்கிய வட்டியும், பணம் கையில் இல்லாதிருந்த காலத்துக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு தனிவட்டியும் திரும்பின.

வங்கிகள் எளிதில் ஒப்பின என்று எண்ணற்க. 2012, 2013ஆம் ஆண்டுகளில் லாயிட்ஸ் குழுமத்தில் முறையீடுகளை ஆராய்ந்தோர், தங்கள் விற்பனை முறை குறையற்றது என்ற எண்ணத்தோடே ஆராயத் தொடங்குமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தனர். நியாயமான முறையீடுகள் பல அதனால் தள்ளப்பட்டன. இதற்காக 2015 ஜூனில் விதிக்கப்பட்ட அபராதம் 11 கோடியே 70 லட்சம் பவுண்டு. மற்றொரு புறம் முறையீட்டுத் தரகர்கள் பெருகினர். எவரும் தாமே எழுதக்கூடிய கடிதத்தை எழுதித் தருவதாகக் கூறித் தொலைபேசியில் ஓயாது அழைத்தனர். மீண்ட பணத்தில் நான்கில் ஒரு பங்கும் அதற்கு மேலும் பெற்றனர். 20 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்று சட்டம் வரம்பிட்டது 2018 ஜூலையில்தான்.

இதனிடையே, இருளில் இருந்த மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. 59 வயதுடைய கைம்பெண் ஒருவர், கல்லூரி ஆசிரியை, 2006இல் 34,000 பவுண்டு கடன் பெற்றார். அதனோடு கூட்டப்பட்ட காப்புத் தொகை 5,780 பவுண்டு. கடன் பத்தாண்டுக்கு, காப்போ ஐந்தாண்டுக்கு மட்டுமே. அத்தொகையில் தரகு நிறுவனத்துக்கு 1,870 பவுண்டு. கடன் தந்த நிறுவனத்துக்கு 2,280 பவுண்டு. காப்பீட்டு நிறுவனத்தைச் சென்றடைந்தது 1,630 பவுண்டே. நூற்றுக்கு 71.8 பங்கு கமிஷனாகவே போயிற்று. கமிஷன் உண்டு என்பது அவருக்குச் சொல்லப்பட்டது; எவ்வளவு என்பதும் யாருக்கு என்பதும் சொல்லப்படவில்லை. இவ்வளவு பெரிய பங்கை மறைத்ததே அந்தக் கடன் உறவை நியாயமற்றதாக்கியது என்று 2014 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கு மேற்பட்ட கமிஷனை மறைத்தோரிடமிருந்து அம்மிகுதியை மீட்கவும் பின்னர் வழி பிறந்தது. சான்றோர் ‘தத்லீஸ்’ என்று குறித்தது இதனையன்றி வேறெதனை?

முறையீட்டுக்கு இறுதி நாள் 2019 ஆகஸ்ட் 29 என்று ஆணையம் விதித்தது. ஈராண்டுக் காலம் விளம்பரம் செய்தது. மக்களின் கவனத்தைக் கவர நடிகர் அர்னால்டு சுவார்சனேகரின் உருவில் பேசும் தலையொன்றையும் இயந்திரத்தால் செய்து காட்டிற்று. 2011 முதல் மக்களுக்குத் திரும்பிய தொகை 3,800 கோடி பவுண்டுக்கு மேல்.

இத்தொகையைக் கண்டு நாம் வியப்பதைக் காட்டிலும், அது எவ்வாறு திரும்பியது என்பதைச் சிந்தித்தல் நன்று. வங்கியின் ஏட்டில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணக்கும் இருந்தது. எனினும் பெரும்பாலும் கேட்டவருக்கே பணம் மீண்டது. பத்திரம் தொலைந்ததென்று சோர்ந்தவரும், கையெழுத்திட்டது நாம்தானே என்று தம்மையே நொந்தவரும், பெரிய இடத்தோடு நமக்கென்ன வழக்கு என்று ஒதுங்கியவரும் அந்நாள் கடந்தபின் வெறுங்கையராயினர். அவர் இழந்தது தருமம் அன்று, உரிமை.

குறை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித் தர வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று நம் சட்ட நூல்கள் கூறும். ‘கியாருல் ஐப்’ என்பது அதன் பெயர். குறை தெரிந்ததும் தாமதியாது அவ்வுரிமையைக் கோர வேண்டும் என்பது ஷாஃபிஈ இமாமின் வழிவந்தோர் கொள்கை. ஆதலின், கையெழுத்திடுமுன் பத்திரத்தை முழுதும் படிப்போம். விளங்காததை விளங்கும்வரை கேட்போம். ஏமாற்றப்பட்டோம் என்று பின்னர் அறிந்தால், நாணி மௌனமாக இராது, காலம் கடக்குமுன் கடிதம் எழுதுவோம். முதியோர் இருக்கும் இல்லங்களில் இளையோர் அவருக்காக அமர்ந்து எழுதித் தருவார்களாக.