இரண்டு வாசல் லேப்டாப்

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் திருவள்ளூர் லோக்கல் ரயிலைப் பிடித்தால், அடுத்து புட்லூர், அதற்கடுத்து திருவள்ளூர். அதை ஒட்டிய காக்களூரில், 2011 செப்டம்பர் 15 அன்று ஏகப்பட்ட கூட்டம். பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் தரும் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா அங்கேதான் தொடங்கி வைத்தார்.

அந்த லேப்டாப்பில் ஒரு விசேஷம் உண்டு, தெரியுமா உங்களுக்கு? உள்ளே இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்! ஒன்று, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று, நம்ம சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ். ஸ்விட்சைப் போட்டதும் எந்த வாசல் வழியாக நுழைவது என்பது உங்கள் இஷ்டம்.

சரி, இதில் எது சுலபம்?

கொஞ்சம் பின்னால் போவோம். ஒரு காலத்தில் கறுப்புத் திரையில் கட்டளைகளை மனப்பாடமாக டைப் அடித்தால்தான் கம்ப்யூட்டர் அசையும். 1984-ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ், மவுஸும் படங்களுமாக வந்து சாமானியரையும் உட்கார வைத்தது. அடுத்த வருடமே விண்டோஸ். 1995-ல் 'ஸ்டார்ட்' பட்டன் வந்ததும் உலகமே அதன் பின்னால் ஓடியது. நடுவில் 1991-ல், ஃபின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஆரம்பித்ததுதான் லினக்ஸ். காசும் கிடையாது, ஒளிவுமறைவும் கிடையாது. உள்ளே இருப்பதை யாரும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம்.

பழுது வந்தால்தான் இரண்டின் குணமும் தெரியும். விண்டோஸ் நீலத்திரையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பார் கடைக்காரர். கதை முடிந்தது! லினக்ஸோ என்ன கோளாறு என்று வரி வரியாக எழுதிக் காட்டும். ஆனால், படித்துப் புரிந்துகொள்ள ஆள் வேண்டுமே? பென் டிரைவில் வரும் விண்டோஸ் வைரஸ் லினக்ஸிடம் வாலாட்டாது. ஆனால், பிரின்டர் வாங்கினால் அது வேலை செய்யுமா என்று சாமியைக் கும்பிட வேண்டியிருந்தது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரிலும் குறை உண்டு. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது!

எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கிலேயே லினக்ஸுக்கு மாற ஆரம்பித்துவிட்டது. ஆகவே, லினக்ஸ் நம் ஊருக்குப் புதுசும் அல்ல.

2024 ஜூலை 19-ல் என்ன நடந்தது? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தப்பான அப்டேட்டால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியம் என்னவோ சின்னதுதான். 'சேஃப் மோடில்' போய் ஒரே ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால், பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு மெஷினாக ஒரு ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது.

புரிகிறதா? முதலில் எதில் பழகினோமோ, அதுதான் நமக்குச் சுலபம். கோளாறு வரும்போது பக்கத்தில் விஷயம் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பதே முக்கியம். லேப்டாப்போடு இரண்டு வாசலைக் கொடுத்தது நல்ல காரியம். இரண்டாவது வாசலைத் திறந்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வாத்தியாரையும் தயார் செய்திருந்தால்..?