அயல்நாட்டுப் பள்ளி ஆசிரியப் பணி: ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரம்

சென்னையின் மேற்குப் புறநகர் ஆசிரியர்கள் அயல்நாட்டுப் பள்ளியில் பணியாற்ற இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அயற்பணி: ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், சி.ஆர்.பி.எஃப். வளாகங்களில் இயங்கும் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளின் ஆசிரியர்கள், அதே அமைப்பு காத்மாண்டு, மாஸ்கோ, டெஹ்ரானில் நடத்தும் பள்ளிகளுக்குத் தேர்வாகலாம். மற்றது ஒப்பந்தப் பணி. பெரும்பாலோர் செல்வது இவ்வழியில்தான்.

வரலாறு

கடல் கடந்து தமிழ் கற்பித்த வரலாறு மலாயாவில் தொடங்குகிறது. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபின், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை. பல தோட்டங்களில் கங்காணியோ (மேற்பார்வையாளர்) கிராணியோ (எழுத்தர்), காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்த, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ கரும்பலகை முன் நின்றார். ஓர் அறை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்புகளும். தொழிலாளியின் கூலியைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு இந்த ஆசிரியரின் நிலையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பட்டதாரி ஆசிரியர்களின் பயணம் ஆப்பிரிக்காவை நோக்கியது. 1941-இல் இத்தாலியரிடமிருந்து விடுபட்ட எத்தியோப்பியா, பேரரசர் ஹைலி செலாசியின் ஆட்சியில் இந்திய ஆசிரியர்களைப் பெருமளவில் வரவழைத்தது. கேரளத்தவரும் தமிழரும் அங்கே ஊர் ஊராகக் கணக்கும் அறிவியலும் நடத்தினர். 1974 புரட்சியோடு அந்த வாய்ப்பு குறுகியது. 1976-இல் எல்லாருக்கும் தொடக்கக் கல்வி என்று அறிவித்த நைஜீரியா, எண்ணெய்ப் பணத்தில் ஆசிரியர்களை அழைத்தது. 1980-களின் நடுவில் நைரா சரிந்தபோது, ஊருக்கு அனுப்பிய பணமும் சுருங்கியது. ஊதியம் எந்த நாணயத்தில் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. மாலத்தீவுத் தீவுப் பள்ளிகளில் தமிழக ஆசிரியர்கள் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகின்றனர்.

பள்ளி வகைகள்

பஹ்ரைன் இந்தியப் பள்ளி 1950-லும், துபாய் இந்தியன் ஹை ஸ்கூல் 1961-லும் தோன்றின. இவ்வகைப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தைப் பின்பற்றுபவை. பட்டமும் பி.எட்.டும் அனுபவமும் உள்ளவர் முதல்முறை செல்ல இவையே ஏற்றவை. இன்னொரு வகை, 1968-இல் ஜெனீவாவில் நிறுவப்பட்ட இன்டர்நேஷனல் பாக்கலோரியட் (ஐ.பி.) அமைப்பின் பாடத்திட்டத்தையோ பிரிட்டிஷ் பாடத்திட்டத்தையோ நடத்துவது. ஊதியம் அதிகம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கே பலவற்றில் முன்னுரிமை. இந்த அநீதி இன்னும் நீடிக்கிறது. இந்தியாவில் ஐ.பி.யை முதலில் ஏற்றது கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி, 1976-இல்.

புறப்படுமுன்

1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு தேறியவருக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லை. இது சலுகையாகத் தெரிந்தாலும், கொத்தனாரின் ஒப்பந்தத்தைப் பார்க்கும் அதிகாரி ஆசிரியரின் ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை என்பதே இதன் பொருள். ஆகவே ஆள்சேர்ப்பு முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் ஆசிரியரே சரிபார்க்க வேண்டும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். தனியார் முகவரை நாட விரும்பாதோருக்கு, 1978-இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் உள்ளது.

பட்டச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தால் பயணத்தின் படிகள் தெரியும்: மாநில அரசின் முத்திரை, அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் ஒட்டுச்சீட்டு. இந்தியா 2005-இல் சேர்ந்த அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லாத ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்குத் தூதரக முத்திரையும் வேண்டும். ஒப்பந்தத்தில் அடிப்படை ஊதியத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். அமீரகத்தில் பணிக்கொடை, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம் என்றே கணக்கிடப்படுகிறது. படிகள் இதில் சேரா. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையொப்பமிட்டவருக்கு இது கடைசி நாளில்தான் தெரிகிறது.

இன்று நேர்காணல்கள் பெரும்பாலும் இணையவழியில் நடக்கின்றன. மாதிரி வகுப்பும் கேட்கப்படுகிறது.