சாட்சி என்னும் சொல்

சமய வரலாற்றை அரசர்களைக் கொண்டு எழுதலாம். சொற்களைக் கொண்டும் எழுதலாம். கிரேக்க மொழியில் ‘மார்ட்டிஸ்’ என்பது, வழக்குமன்றத்தில் கண்டதைக் கண்டவாறு உரைப்பவரைக் குறித்த சொல். உயிர் கொடுத்தும் நம்பிக்கையை மறுக்காதவர்களுக்குத் தொடக்கக்காலக் கிறித்தவர்கள் அச்சொல்லையே வழங்கினர். ஐரோப்பிய மொழிகள் பல அதன் ஒலியை மட்டும் ஏற்றன, பொருள் மங்கிற்று. தமிழோ பொருளை எடுத்துக்கொண்டது. வேதசாட்சி, இரத்தசாட்சி, மறைசாட்சி என்னும் மூன்றிலும் ‘சாட்சி’ நிலைத்து நிற்கிறது. எவ்வாறு இறந்தார் என்பதினும், எதற்குச் சான்றாக நின்றார் என்பதே முதன்மை என அச்சொல் உணர்த்துகிறது.

உரோமைப் பேரரசில் பல தெய்வ வழிபாடுகளுக்கு இடமிருந்தது. பேரரசர் நலத்திற்காகப் பலியிட மறுத்ததே கிறித்தவர்களைக் குற்றவாளிகளாக்கியது. சிறிது தூபமிட்டால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையிலும் சிலர் இணங்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரின் முதிய ஆயர் பொலிகார்ப்பு அவ்வாறு மறுத்து மாண்டார். 203இல் கார்த்தேசு நகரில், கைக்குழந்தையின் தாயாகிய இளம்பெண் பெர்பெத்துவாவும், அடிமைப் பெண் பெலிசித்தாவும் ஒரே களத்தில் கொல்லப்பட்டனர். பெர்பெத்துவா சிறையில் எழுதிய குறிப்புகள் இன்றும் எஞ்சியுள்ளன.

இத்தகைய வரலாறுகள் தமிழுக்கு வந்தபோது தமிழின் உடையையே அணிந்தன. எருசலேமில் கல்லெறியுண்டு மாண்ட முதல் சாட்சி ஸ்தேவான். அப்பெயரின் கிரேக்க மூலத்திற்கு முடி என்பது பொருள். ஆதலின் அவர் தமிழில் ‘முடியப்பர்’ ஆனார். ஏரோது அரசனின் வாளுக்கு இரையான யாகப்பரை, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இல் ‘சந்தியோகுமையோர் அம்மானை’யில் பாடினார். வீரமாமுனிவர் கன்னிச் சாட்சியான கித்தேரியம்மாளுக்கு அம்மானை பாடினார். பெண்கள் விளையாட்டில் பிறந்த பாவகை சாட்சியர் வரலாற்றைச் சுமந்தது.

நடுகற்கள் மிகுந்த தொண்டை மண்டலத்தார்க்கு வீரச்சாவு புதிதன்று. ஆயின் நடுகல் வீரன் படை ஏந்தி மாய்ந்தவன், வேதசாட்சியோ வெறுங்கையர். அந்த வெறுங்கையின் பெருமையையும் தமிழ் முன்னரே அறியும். தம்மைக் குத்திய முத்தநாதனைத் தீங்கின்றி ஊர் எல்லை கடத்திவிடச் செய்த மெய்ப்பொருள் நாயனாரைக் குன்றத்தூர்ச் சேக்கிழார் பாடியுள்ளார். கொல்வோருக்காக வேண்டிய முடியப்பரின் கதை இம்மண்ணில் அந்நியமாக ஒலித்திராது.

பின்னர்த் தமிழகமே சாட்சியரைக் கண்டது. இலிசுபனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ தமிழில் ‘அருளானந்தர்’ ஆனார். மறவர் சீமையின் தடியத் தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழ உறுதிகொண்டார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவினள். அதனால் எழுந்த சினத்தில் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டார். அவரைப் புனிதராகப் போற்றும் வரலாறுகளில் அப்பெண் ஒரு காரணமாக மட்டுமே வருகிறாள். அவளுடைய துயருக்குச் சாட்சி யார் என்பது கவிஞர்கள் எண்ணத்தக்க வினா.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை மார்த்தாண்டவர்மரின் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் யோபுவின் வரலாற்றைக் கேட்டு, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாடின்றி அனைவரோடும் பழகினார். 1749இல் சிறைப்பட்டார், எருமைமேல் ஏற்றி ஊர்தோறும் இழிவுபடுத்தப்பட்டார், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோவிலினுள் சாதியாரைப் பிரிக்கும் சுவர் நின்றது. அது 1910இல்தான் இடிக்கப்பட்டது. சாட்சியை வணங்குவது எளிது. அவர் உரைத்த சாட்சியத்தை ஏற்பது அரிது. காற்றாடிமலையில் வெடித்த துப்பாக்கிக்கும் வடக்கன்குளத்தில் இடிந்த சுவருக்கும் இடையே 158 ஆண்டுகள் கழிந்தன.