தனியே ஒரு கால்மணி நேரம்: கருமுட்டை, விந்தணுக் கொடையில் உளவியல் ஆலோசனை வந்த வழி

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் சுங்குவார்சத்திரத்தில், ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகளை நிறைப்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பெண்கள். பல மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்குபவர்கள். அருகிலுள்ள வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கருமுட்டைக் கொடையாளிக்கு இந்தியச் சட்டம் வகுத்திருக்கும் வயது 23 முதல் 35. வீட்டைவிட்டுத் தொலைவில், மாதச் சம்பளத்தை நம்பி வாழும் இந்த வயதுப் பெண் ஒருத்தியை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தையும் அதற்கு முந்தைய நெறிமுறைகளையும் படித்தால் ஒன்று புலப்படும். கொடையாளியின் இரத்தத்தைச் சோதிக்க ஏற்பாடு உண்டு. அவள் மனத்தைக் கேட்பதற்கான ஏற்பாடு அரைகுறையாகவே நிற்கிறது. அது ஏன் அப்படி ஆயிற்று என்பதே இங்கே ஆராயப்படுவது.

இந்தியாவில் செயற்கைக் கருத்தரிப்பு இரகசியத்தோடுதான் தொடங்கியது. 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் சோதனைக் குழாய்க் குழந்தை ‘துர்கா’ பிறந்தாள். தம்பதியின் சொந்த முட்டை, சொந்த விந்தணு. அப்படியிருந்தும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிய குடும்பம் வெளியே வரவில்லை. மாநில அரசு அமைத்த குழு முகர்ஜியின் கூற்றை நிராகரித்தது. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அந்தப் பெண் தன்னை வெளிப்படுத்திக்கொண்டது தன் 25ஆம் வயதில், 2003இல். சொந்த அணுக்களுக்கே இத்தனை மறைப்பு என்றால் இன்னொருவரின் அணுவுக்கு எவ்வளவு இருந்திருக்கும்! 1986இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையிலும், 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் வழியாகவும் சோதனைக் குழாய்க் குழந்தைகள் பிறந்தபோது நாளிதழ்கள் கொண்டாடின. அடுத்த பதினைந்து ஆண்டுகள் கருத்தரிப்பு மையங்கள் பெருகின. அவற்றைக் கட்டுப்படுத்தத் தனிச்சட்டம் எதுவும் இல்லை.

அதே காலத்தில் பிரிட்டன் வேறு வழியில் போனது. 1984இல் வார்னாக் குழுவின் அறிக்கை, 1990இல் சட்டம். கொடை அணுக்களைப் பெறுவோருக்கும் கொடுப்போருக்கும் ஆலோசனை பெறத் தகுந்த வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். ‘இதன் விளைவுகள் உனக்கும் உன் குடும்பத்துக்கும் பிறக்கும் பிள்ளைக்கும் என்ன?’ என்று பேசுவது, சிகிச்சை விவரம் சொல்வதிலிருந்து பிரிந்து தனி வேலையாயிற்று. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலோ கொடையாளியை உளநல வல்லுநர் மதிப்பிட வேண்டும் என்கிறது. யாருடைய வற்புறுத்தலாவது இருக்கிறதா என்று பார்ப்பதும் அந்த மதிப்பீட்டில் அடங்கும்.

இந்தியாவில் முதல் எழுத்து வடிவம் 2005இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நெறிமுறைகள். அதில் ஆலோசகருக்கு ஓர் இடம் உண்டு. சமூக அறிவியல், உளவியல், உயிர் அறிவியல், மருத்துவம் இவற்றில் ஏதேனும் ஒரு பட்டம் போதும். மையத்தில் வேறு முழுநேர வேலை இல்லாத ஊழியரே அந்தப் பொறுப்பைப் பார்க்கலாம். கொடையாளிக்குச் சொன்ன நிபந்தனைகளோ உடல் சார்ந்தவை: எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தாலசீமியா போன்ற மரபுக் கோளாறு இருக்கக் கூடாது. உறவினரோ தெரிந்த நண்பரோ விந்தணு தருவதற்குத் தடை. ‘வெளியாள் எதற்கு, தம்பி இருக்கிறானே’ என்று நினைக்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயத்தை நெறிமுறை ஒரு வரித் தடையால் கடந்துவிட்டது. இவையெல்லாம் நெறிமுறைகளே. மீறினால் தண்டனை கிடையாது.

விலை கொடுத்தவர்கள் கொடையாளிகள். 2010இல் மும்பையில் கருமுட்டை கொடுத்த 17 வயதுப் பெண் இறந்தாள். 2014இல் டெல்லியில் இன்னொரு மரணம். சட்ட வரைவுகள் 2008, 2010, 2014 என்று மாறிமாறி வந்துகொண்டே இருந்தன. நாடாளுமன்றம் 2021 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டம் 2022 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தது. விதிகள் ஜூன் 7 அன்று.

அதே ஜூனில்தான் ஈரோடு வழக்கு வெளியே தெரிந்தது. 16 வயதுச் சிறுமியிடமிருந்து பல ஆண்டுகளாகப் பலமுறை கருமுட்டை எடுத்து விற்றதாக அவளுடைய தாய், தாயுடன் வாழ்ந்தவர், இடைத்தரகர் ஆகியோர் கைதானார்கள். வயதைக் கூட்டிக் காட்ட ஆதார் போலியாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. சுகாதாரத் துறை விசாரித்து, ஜூலையில் மருத்துவமனைகள்மீது நடவடிக்கை அறிவித்தது. இந்த வழக்கைப் பற்றிய பேச்சில் போலி ஆதாரே முன்னால் நின்றது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. கூட வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, பயிற்சி பெற்ற ஒருவர் அந்தச் சிறுமியோடு கால்மணி நேரம் தனியாகப் பேசியிருந்தால் எந்த அட்டையும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. கொடையாளிக்கான உளவியல் சோதனை என்பது முதலில் இதுதான். வினாத்தாள்களும் மதிப்பெண்களும் பிறகு.

புதிய சட்டம் கடுமையானது. ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறைதான் தானம் செய்யலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. அவளுக்கு 12 மாதக் காப்பீடு வேண்டும். அணுக்களை விற்றால் முதல்முறை 5 முதல் 10 இலட்சம் ரூபாய் அபராதம், மறுமுறை சிறை. ஆலோசனையும் கட்டாயம்தான். ஆனால் அந்தப் பிரிவைப் படித்தால் ஆலோசனை யாருக்கு என்பது தெளிவாகிறது: சிகிச்சைக்கு வரும் தம்பதிக்கும் பெண்ணுக்கும். பேச வேண்டியவை வெற்றி வாய்ப்பு, செலவு, பக்க விளைவு, ஒன்றுக்கு மேற்பட்ட கரு உண்டாகும் ஆபத்து. கொடையாளியிடம் எழுத்துவழி ஒப்புதல் வாங்க வேண்டும், அவ்வளவே. ஒரே நாளில் நடைமுறைக்கு வந்த வாடகைத்தாய்ச் சட்டம், கரு சுமக்கும் பெண்ணுக்கு உடல் தகுதியோடு உளவியல் தகுதிச் சான்றும் கேட்கிறது. முட்டை தருபவளுக்கு அப்படியொரு சான்று தேவையில்லை. பத்து மாதம் சுமப்பவளுக்கு மனம் உண்டு, பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டுக்கொண்டு மயக்க மருந்தில் படுப்பவளுக்கு அது கணக்கில் வராது என்று சட்டம் கருதியதா? இரண்டையும் அருகருகே வைத்தால் வேறு விளக்கம் கிடைக்கவில்லை. ஆலோசகரின் தகுதியும் பெரிதாக உயரவில்லை. 2022 விதிகளின்படி உளவியல் பட்டம் இல்லாவிட்டாலும் செவிலியர் பட்டமோ உயிர் அறிவியல் பட்டமோ போதும்.

எஞ்சிய கருக்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் சுருக்கமாகப் பேசுகிறது: பத்தாண்டுவரை சேமிக்கலாம், பிறகு அழியவிடலாம் அல்லது தம்பதியின் ஒப்புதலோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். அந்த முடிவை எடுக்கும் தம்பதியின் தவிப்புக்கு அதில் வரி இல்லை.

பெறுபவர்களின் மனத்தைத் தொட்ட ஆய்வுகளில் முக்கியமானது மானிடவியலாளர் ஆதித்ய பரத்வாஜ் 2003இல் எழுதிய கட்டுரை. தத்தெடுத்தால் குறை ஊருக்குத் தெரியும். கொடை விந்தணு என்றால் மறைத்துவிடலாம் என்பதால் தம்பதிகள் பின்னதை நாடுகிறார்கள் என்று அது காட்டியது. தமிழ்நாட்டில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. கல்யாணமான ஆறாம் மாதமே ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்று கேட்கும் வீடுகள்தான் நம்முடையவை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2014இன் இறுதியில் எதிர்ப்பைச் சந்தித்தது; குழந்தையின்மை நாவலாக எழுதப்பட்டபோதுகூட ஊருக்குப் பொறுக்கவில்லை. விந்தணுக் கொடையைச் சிரிப்பாகப் பேசிய ‘தாராள பிரபு’ திரைப்படம் 2020இல் எந்தச் சலசலப்பும் இல்லாமல் வெளியானது. சிரிக்கலாம்; நம் வீட்டில் என்றால் மூச்சுவிடக் கூடாது. ஆலோசகர் வேலை செய்ய வேண்டியது இந்த இடத்தில்தான். பிள்ளையிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்ற பேச்சைக் கட்டாயமாக்கும் வரி சட்டத்தில் இல்லை.

சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் மறைப்புக்கு இன்னொரு அடுக்கும் சேர்கிறது. ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்த்தார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. கல்யாணம், கர்ப்பம், பிள்ளை எல்லாம் கம்பெனிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று ஒரு பெண் அஞ்சும் சூழலில், சிகிச்சைக்குப் போகிறவளும் சொல்ல மாட்டாள், முட்டை கொடுக்கப் போகிறவளும் சொல்ல மாட்டாள். லீவு எடுப்பதற்கே பொய் சொல்ல வேண்டும். அறைத்தோழியைத் தவிர வேறு ஆள் இல்லாத அவளுக்கு, கொடை அணுக்களைப் பெற்று மையங்களுக்குத் தரும் முட்டை வங்கியின் ஆலோசகர்தான் இதைப் பற்றி வாய்திறந்து பேசக்கூடிய ஒரே அந்நியர். அந்த ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பதும் வங்கிதான். முட்டை கிடைத்தால்தான் வங்கிக்கு வருமானம். ஆலோசகர் வங்கியையும் மையத்தையும் சாராதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விதிகளில் சேர்ப்பது கடினமான திருத்தம் அல்ல. மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஸ்வீடன் 1985இலேயே கொடையாளியின் பெயரை அறியும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுத்தது. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பின் பதிவானவர்களின் அடையாளத்தைக் கேட்கும் முதல் தலைமுறை 2023இல் 18 வயதை எட்டியது. நம் நாட்டில் 2005 நெறிமுறைகள், பெயர் தவிர்த்த விவரங்களையாவது 18 வயதில் கேட்கலாம் என்றன. 2021 சட்டத்தில் அந்த உரிமையும் இல்லை. வங்கி கொடையாளியின் ஆதார் எண்ணை வாங்கி வைக்கிறது. பத்தாண்டு கழித்து ஆவணங்கள் தேசியப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். இச்சட்டத்தின்கீழ் முதலில் பிறந்தவர்களுக்கு 2040 வாக்கில் 18 வயதாகும். அவர்களில் ஒருவர் அந்தப் பதிவேட்டின் முன் வந்து நின்றால் அவருக்குப் பதில் சொல்லப் பொறுப்பான அலுவலர் யார் என்று சட்டத்தின் எந்தப் பிரிவும் குறிப்பிடவில்லை.