சிறைக்கூடத்துக் காகிதமும் நைரோபி அச்சுக்கூடமும்

கென்யா நாட்டின் தலைநகராகிய நைரோபிக்கு வடமேற்கே, தேயிலை விளையும் மேட்டு நிலத்தில் லிமூரு என்றோர் ஊர் உளது. அதனையடுத்த கமிரீத்து என்னும் சிற்றூரில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர் கூகி வா தியாங்கோ. பெரிய குடும்பம், நிலமோ பிறருடையது. வெள்ளைத் துரைமார்க்கும் உள்ளூர் நிலக்காரர்க்கும் தேயிலைக் கொழுந்தும் காப்பிப் பழமும் கொய்யக் குழந்தைகளும் சென்றனர். இரவில் அடுப்பைச் சுற்றியமர்ந்து, முயல் சிறுத்தையை ஏமாற்றிய கதைகளைத் தம் கிக்கூயு மொழியிற் கேட்பர். மறுநாள் கொழுந்து கொய்யும்போது அவற்றையே ஒருவர்க்கொருவர் திருப்பிச் சொல்வர். தோட்டத்திற் பிறந்து வளர்ந்த நம்மவர்க்கு இக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை.

1952இல் அந்நாட்டில் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. மக்களே நடத்திவந்த பள்ளிகள் சர்க்கார் வசமாயின. அன்று முதல் பள்ளி எல்லைக்குள் கிக்கூயு பேசுவது குற்றமாயிற்று. பிடிபட்ட பிள்ளைக்குப் பிரம்படி. அன்றேல் ‘நான் மடையன்’ என்று பொறித்த தகட்டைக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் முறையோ இன்னும் விசித்திரமானது. காலையில் ஒரு மாணவனிடம் ஒரு பொத்தானைக் கொடுப்பர். தாய்மொழி பேசும் வேறொருவனைக் கண்டால் அவனிடம் அதைத் தள்ளிவிடலாம். மாலையில் அது யார் கையிலிருக்கிறதோ அவன் தனக்குத் தந்தவன் பெயரைச் சொல்வான். அவன் வேறொருவன் பெயரைச் சொல்வான். இவ்வாறு அன்று தாய்மொழி பேசிய அனைவரும் அகப்படுவர்.

நாம் பயின்ற ஆங்கிலப் பள்ளியில் தகடு இல்லை. தமிழ்ச் சொல் ஒன்று வாய்தவறி வந்தால் ஐம்பது காசு அபராதம் மட்டுமே உண்டு. ஆயினும் பொத்தான் கதையைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாமும் ஒருநாள், அபராதத்தினின்று தப்பும்பொருட்டு, உடன்பயின்ற நண்பன் ஒருவனைக் காட்டிக்கொடுத்தோம். அவன் இன்று எங்குள்ளானோ, அறியோம்.

நிற்க. கூகியும் முதலில் ஆங்கிலத்திலேயே எழுதினார். 1964இல் வெளிவந்த அவரது முதல் நாவலைப் பிரசுரித்தது லண்டனில் உள்ள ஹைனமன் கம்பெனி. அக்கம்பெனி 1962இல் தொடங்கிய ஆபிரிக்க எழுத்தாளர் வரிசையே அக்கண்டத்தின் புதிய இலக்கியத்தை உலகறியச் செய்தது. நைஜீரியாவின் சினுவா அச்செபே பத்தாண்டுக் காலம் அதன் ஆலோசக ஆசிரியராயிருந்து அரும்பணி புரிந்தார். அந்நன்மையை நாம் மறுப்போமல்லோம். எனினும், கொழுந்து கொய்யும் பெண்ணைப் பற்றிய கதையை அப்பெண்ணே படிக்க இயலாதெனில், அக்கதை யாருக்காக எழுதப்பட்டது? இவ்வினா கூகியை விடாமல் வருத்திற்று.

இவ்விடத்தில் பலரும் மறந்துவிடும் மற்றொருவரைச் சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. அவர் பெயர் ககாரா வா வஞ்சாவ். 1940களிலேயே கிக்கூயு மொழியில் கதையும் பாட்டும் அரசியல் துண்டுப் பிரசுரமும் எழுதித் தாமே வெளியிட்டவர். 1952இல் வெள்ளை அரசாங்கம் அவரைக் கைதுசெய்து, 1960வரை முகாம்களிற் சிறைவைத்தது. விடுதலையான பின் காரட்டினா என்னும் சிறு நகரில் மீண்டும் அச்சுத்தொழிலை நடத்தினார். முகாமில் மறைவாக எழுதிக் காத்த நாட்குறிப்பு 1983இல் நூலாகி, மறுவருடம் ஆபிரிக்க நூல்களுக்குரிய நோமா பரிசில் பங்கு பெற்றது. பட்டமும் பதவியுமின்றிச் சிற்றூரில் இருந்துகொண்டே இவர் செய்த காரியம், பெரிய எழுத்தாளர் எவருடைய காரியத்திற்கும் இளைத்ததன்று என்பது நம் துணிபு.

1977இல் கமிரீத்து கிராமத்தார் தம் கையாலேயே திறந்தவெளி அரங்கு ஒன்றை அமைத்தனர். கூகியும் கூகி வா மீரியும் சேர்ந்தெழுதிய கிக்கூயு நாடகத்தைத் தொழிலாளரும் குடியானவருமே நடித்தனர். அக்டோபரில் அரங்கேறிய நாடகத்தை நவம்பரில் சர்க்கார் தடைசெய்தது. டிசம்பர் 31ஆம் நாள் கூகி கைதானார். ஆங்கிலத்தில் அரசைக் கண்டித்து நாவல் எழுதியபோது சிறைக்கு அனுப்பாதவர்கள், குடியானவர்க்கு விளங்கும் மொழியில் நாடகம் போட்டவுடன் அனுப்பினர். அப்போது ஆட்சியில் இருந்தது வெள்ளையரல்லர்; சுதந்திர கென்யாவின் சொந்த அரசாங்கம்.

கமிட்டி சிறையில் எழுதுதாள் இல்லை. மலங்கழித்தபின் துடைப்பதற்குத் தரப்பட்ட காகிதம் முரட்டுக் காகிதமாதலின் உடம்புக்கு உறுத்தினும் மை நன்றாகப் பிடித்தது. அதில் அவர் தம் முதல் கிக்கூயு நாவலை எழுதினார். வேலையினின்றும் விரட்டப்பட்ட ஒரு தட்டெழுத்துப் பெண். திருடரும் கொள்ளையரும் ‘எம்மிற் பெரியவர் யார்?’ என்று மேடையேறிப் பெருமை பேசும் போட்டி, இதுவே கதை. 1978 டிசம்பரில் விடுதலையானார்.

அதனை அச்சிடுவது யார்? லண்டன் கம்பெனியின் நைரோபிக் கிளையை நடத்திவந்த ஹென்றி சக்காவா முன்வந்தார். தொலைபேசியில் பெயர் சொல்லாதவர்கள் அவரை மிரட்டினர். பின்னர் ஆட்கள் ஆயுதத்தோடு தாக்க, அவர் கைவிரலில் பலத்த காயமுற்றார். இருந்தும் 1980இல் நூல் வெளிவந்தது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் விற்கலாம் என்றெண்ணி அச்சிட்ட 5,000 பிரதிகள் ஒரே மாதத்தில் தீர்ந்தன!

வாங்கியவரினும் கேட்டவரே பலர். வீடுகளில் எழுத்தறிந்த பிள்ளை படிக்க முதியோர் கேட்டனர்; தொழிற்சாலைகளில் மதிய ஓய்வின்போது ஒருவன் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்தனர். மதுக்கடைகளிலோ இதற்கென்றே வாசகர்கள் தோன்றினர். கதை உச்சத்துக்கு வரும் சமயம் வாசகன் நூலைக் கீழே வைப்பான். அவனுடைய கிண்ணம் காலி! கேட்போர் மீண்டும் நிரப்பச் சொல்ல, கதை மேலே நடக்கும். நம் தோட்டங்களிலும் முற்காலத்தில் ஒருவர் பத்திரிகை படிக்க லயத்தார் கூடிக் கேட்டனர் என முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1986இல் வந்த ‘மட்டிகாரி’ என்னும் நாவலின் வரலாறு இன்னும் வேடிக்கை. மட்டிகாரி என்பவன் உண்மையும் நீதியும் எங்கே என்று கேட்டு நாடெங்கும் திரிகிறான் என ஜனங்கள் பேசிக்கொள்ள, அவனைப் பிடிக்கும்படி உத்தரவு பிறந்ததாம். அவன் ஒரு கதாபாத்திரம் என்று தெரிந்தபின், 1987இல் போலீசார் கடைகளிலிருந்து புத்தகத்தையே பிடித்துச் சென்றனர்.

சக்காவாவின் நிறுவனம் 1992இல் முற்றும் கென்யர் உடைமையாகிப் புதுப்பெயர் பெற்றது. அவர் 2024 மார்ச்சிலும், நெடுங்காலம் நாடுகடந்து வாழ்ந்த கூகி 2025 மே 28இல் அமெரிக்காவிலும் காலமாயினர். தாய்மொழி நூல்கள் யாவும் கூகியின் நூல்போல் விற்றன என்று எண்ணிவிட வேண்டா. பாடப்புத்தக வருமானமின்றி அங்குள்ள பதிப்பகங்கள் நிற்பதரிது.

நாமும் இச்செய்திகளை எல்லாம் ஆங்கிலத்திலேதான் படித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. சென்ற வாரம், ஆங்கிலம் அறியாத நம் அன்னையார்க்கு அந்நாவலின் கதையைத் தமிழிற் சொல்லத் தொடங்கி, இரவு நேரமாகிவிட்டதால் பாதியில் நிறுத்தினோம். மறுநாட் காலை, பிரட்டுக்கலைந்து வந்த நம்மை வாசலிலேயே நிறுத்தி, “அந்த டைப் அடிக்கிற பெண்ணுக்கு வேற வேலை கிடைச்சுதாடா?” என்று வினவினார்.

“கிடைத்தது அம்மா, மோட்டார் பட்டறையில்” என்றோம்.