லெலூஷ் வி பிரிட்டானியா: ஓர் எதிர்நாயகனின் அரசியல் அறம்

லெலூஷ் வி பிரிட்டானியா, ‘கோட் கியாஸ்: லெலூஷ் ஆஃப் தி ரிபெல்லியன்’ என்னும் ஜப்பானிய அனிமே தொடரின் மையப் பாத்திரம். சன்ரைஸ் நிறுவனம் தயாரித்த இத்தொடரை இயக்கியவர் கோரோ தானிகுச்சி. கதைப் பொறுப்பை ஏற்றவர் இச்சிரோ ஓகோச்சி. பாத்திரங்களின் மூல உருவங்களை கிளாம்ப் என்னும் பெண் ஓவியர் குழு வரைந்தது. முதல் பருவம் 2006 அக்டோபரில் தொடங்கி 2007 ஜூலையில் முடிந்தது. ‘ஆர்-டூ’ எனப்படும் இரண்டாம் பருவம் 2008 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒளிபரப்பானது. பருவத்துக்கு 25 அத்தியாயங்கள். லெலூஷுக்குக் குரல் கொடுத்தவர் ஜுன் ஃபுகுயாமா.

அதே 2006 அக்டோபரில் ‘டெத் நோட்’ அனிமேயும் தொடங்கியது. இரண்டிலும் நாயகன் படிப்பில் கெட்டிக்காரனான ஒரு மாணவன்; இரண்டிலும் அவன் கைக்கு அமானுஷ்ய ஆற்றல் ஒன்று வந்து சேர்கிறது; இருவருமே உலகைத் திருத்தப் புறப்படுகிறார்கள். ஆனால் ‘டெத் நோட்’டின் நாயகன் யாகாமி லைட் தனி அறையில் அமர்ந்து தீர்ப்பெழுதும் நீதிபதியாகவே நின்றுவிடுகிறான். லெலூஷோ படை திரட்டுகிறான், கூட்டணி பேசுகிறான், நாடுகளின் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்குகிறான், கடைசியில் அரியணையிலும் ஏறுகிறான். அவனுடைய நல்லது கெட்டதைத் தனிமனித ஒழுக்கத்தின் அளவுகோலால் மட்டும் அளக்க முடியாமல் போவது இதனால்தான்.

கதைக்களம்

புனித பிரிட்டானியப் பேரரசு ஜப்பானை வென்று, பெயரைப் பறித்து, ‘ஏரியா 11’ என்று எண்ணிடுகிறது. ஜப்பானியர் ‘இலெவன்’ ஆகிறார்கள். 98ஆம் பேரரசர் சார்ல்ஸ் இதற்கு வெளிப்படையாகவே ஒரு கொள்கை வைத்திருக்கிறார்: மனிதர் சமமல்லர், போட்டியும் வேறுபாடுமே வளர்ச்சி. ஹெர்பர்ட் ஸ்பென்சரின் பெயரால் 19ஆம் நூற்றாண்டில் வழங்கிய சமூக டார்வினியத்தை அப்படியே அரச கொள்கையாக்கியதுபோல இருக்கும் அவருடைய பேச்சு.

லெலூஷ் அவருடைய மகன்தான். தாய் மரியான் கொல்லப்பட்டார். அதே நிகழ்வில் தங்கை நனலி நடக்கும் ஆற்றலையும் பார்வையையும் இழந்தாள். இருவரும் பணயப் பொருளாக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டவர்கள். போருக்கு ஏழாண்டுகள் கழித்து, ஷின்ஜுகு சேரியில் சி.சி. என்னும் மர்மப் பெண்ணிடமிருந்து லெலூஷுக்கு ‘கியாஸ்’ கிடைக்கிறது. கண்ணுக்குக் கண் பார்த்து அவன் இடும் ஆணையை எதிரில் இருப்பவர் மீற முடியாது. ஒருவருக்கு ஒரு முறைதான். முதல் ஆணை, எதிரே நின்ற படைவீரர்களைச் சாகச் சொல்வது. அதன்பின் ‘ஸீரோ’ என்ற முகமூடி மனிதனாகி, ‘கருப்பு வீரர்கள்’ என்ற கிளர்ச்சிப் படையை வழிநடத்துகிறான்.

ஆணையும் ஒப்புதலும்

இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய அறநூலின்படி, மனிதரை எவரும் வெறும் கருவியாக நடத்தலாகாது. மனிதர் தமக்குத் தாமே இலக்கானவர். கியாஸ் இதற்கு நேர் எதிர். பொய் சொல்லி ஏமாற்றினாலும் ஏமாந்தவருக்கு யோசிக்க ஓர் இடம் மிஞ்சும். துப்பாக்கி நீட்டி மிரட்டினாலும் ‘சுடு’ என்று மறுக்க ஒரு வழி இருக்கும். கியாஸ் அந்த மிச்சத்தையும் எடுத்துவிடுகிறது. விடுதலைக்காகப் போராடுபவனின் முதல் ஆயுதமே பிறர் விருப்பத்தை அழிப்பது என்ற முரண்பாட்டின் மேல்தான் தொடர் முழுவதும் நிற்கிறது.

முதல் பருவத்தின் 22ஆம் அத்தியாயத்தில் இந்த முரண்பாடு வெடிக்கிறது. லெலூஷின் மாற்றாந்தாய் மகளான தங்கை, இளவரசி யூஃபெமியா, ஃபுஜி மலைப் பகுதியில் ஜப்பானியர் தம் பெயரோடு வாழ ஒரு தன்னாட்சி மண்டலம் அறிவிக்கிறாள். அதற்காகத் தன் அரியணை உரிமையையே விட்டுக்கொடுக்கிறாள். அவளைக் கொண்டே தன்னைச் சுட வைத்து, தியாகியாகிவிடத் திட்டம் போட்டு வருகிறான் லெலூஷ். பேச்சின் நடுவில் மனம் மாறி, அவளோடு ஒத்துழைக்கச் சம்மதிக்கிறான். பிறகு தன் ஆற்றல் எப்படிப்பட்டது என்று விளையாட்டாக விளக்கும்போது, ஜப்பானியரைக் கொல்லச் சொன்னாலும் நீ கொன்றுவிடுவாய் என்ற பொருளில் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறான். அந்த நொடியில் கியாஸ் அவன் கட்டுப்பாட்டை விட்டுப் போயிருந்தது. முதலில் போராடிப் பார்க்கிற யூஃபெமியா, பின் முகம் மாறி, அரங்கத்துக்குள் ஓடிச் சுடத் தொடங்குகிறாள். வீரர்களையும் சுட ஆணையிடுகிறாள்.

இதை விபத்து என்று லெலூஷின் ரசிகர்கள் வாதிடுவதுண்டு. நாவு தவறியது விபத்துதான். ஆனால் மனிதரை ஒரு சொல்லால் இயக்கும் கருவியைத் தூக்கித் திரிபவனுக்கு, அது எப்போதாவது கைமீறும் என்பது எதிர்பாராத செய்தி ஆகாது. அதைவிடக் கனமானது அடுத்து அவன் செய்தது: யூஃபெமியாவைத் தானே சுட்டுக் கொன்று, அந்தப் படுகொலையையே மக்கள் எழுச்சிக்கு எரிபொருளாக்கினான். உலகின் வாயில் அவள் ‘படுகொலை இளவரசி’ ஆனாள்.

கறைபடிந்த கைகள்

மாக்ஸ் வெபர் 1919 ஜனவரியில் மியூனிக்கில் ஆற்றிய ‘அரசியல் ஒரு தொழில்’ என்ற உரையில் இரண்டு அறங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று கொள்கை அறம்: வழி தூய்மையாக இருந்தால் போதும், விளைவு என் பொறுப்பில்லை. மற்றொன்று பொறுப்பு அறம்: விளைவுக்கு நானே கணக்குச் சொல்ல வேண்டும். லெலூஷின் நண்பனும் எதிரியுமான சுசாக்கு குருருகி, தவறான வழியில் கிடைத்த வெற்றிக்கு மதிப்பில்லை என்று ஓயாமல் சொல்பவன். பேரரசின் படையில் சேர்ந்து உள்ளிருந்தே மாற்ற நினைக்கிறான். பார்வைக்கு வெபரின் இரண்டு அறங்களும் இரண்டு இளைஞர்களாக நிற்பதுபோலத் தோன்றும். தொடர் அவ்வளவு எளிதாக விடவில்லை. போரை நிறுத்துவதற்காகச் சிறுவயதிலேயே தன் தந்தையை, ஜப்பானின் பிரதமரைக் கொன்றவன் சுசாக்கு. வழியின் தூய்மை பற்றிய அவன் பிடிவாதம் கொள்கையிலிருந்து வந்ததைவிடக் குற்ற உணர்விலிருந்து வந்தது என்பதே பொருத்தம்.

லெலூஷும் பொறுப்பு அறத்தின் நல்ல மாணவன் அல்லன். நரிதா மலைப் போரில் அவன் திட்டமிட்டு உண்டாக்கிய நிலச்சரிவு அடிவார ஊர்வரை இறங்குகிறது. இறந்தவர்களில் அவனை நேசிக்கும் வகுப்புத் தோழி ஷெர்லியின் தந்தையும் ஒருவர். விளைவைக் கணக்கிடுவதில் பெருமை கொள்பவனின் கணக்கில் அந்த ஊர் வரவே இல்லை. இரண்டாம் பருவத்தில் கியாஸ் ஆய்வுக் கூடத்தை அழிக்க ஆணையிடும்போது, அங்கே ஆயுதமற்றோரும் சிறுவர்களும் இருக்கிறார்கள். ஷெர்லி கொல்லப்பட்ட ஆத்திரம் அவனைச் செலுத்துகிறது. இதற்கு அரசியல் நியாயம் தேடுவது வீண்.

ஆல்பெர் காம்யுவின் ‘நீதிமான்கள்’ நாடகம் (1949) இங்கே நினைவுக்கு வர வேண்டும். 1905இல் மாஸ்கோவில் ரஷ்யப் பெருங்கோமகன் செர்கேயைக் கொன்ற காலியாயெவ்தான் அதன் நாயகன். வண்டியில் குழந்தைகள் இருப்பதைக் கண்டு முதல் முறை குண்டை வீசாமல் திரும்புகிறான். அடுத்த முறை வீசுகிறான். மன்னிப்புக் கேட்க மறுத்துத் தூக்குமேடை ஏறுகிறான். கொல்லும் உரிமைக்குத் தன் உயிரே விலை என்பது அவன் கொள்கை. சுடத் துணிபவன் சுடப்படவும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை லெலூஷும் தொடக்கத்திலிருந்தே சொல்லி வருகிறான். காலியாயெவுக்கு இருந்த எல்லைக்கோடு மட்டும் அவனிடம் இல்லை.

அமெரிக்க அறிஞர் மைக்கேல் வால்சர் 1973இல் எழுதிய கட்டுரை, கறைபடிந்த கைகளின் சிக்கலை மாக்கியவெல்லி, வெபர், காம்யு மூவரின் வழியாகவும் ஆராய்கிறது. சில நேரங்களில் சரியானதைச் செய்யவே ஒரு தவறைச் செய்ய வேண்டியிருக்கும். செய்தவர் குற்றவாளிதான் என்கிறார் வால்சர். காம்யுவின் விடை அவருக்குப் பிடித்திருக்கிறது, ஏனெனில் அதில் தண்டனை ஊரறிய நிகழ்கிறது. ஆனால் நடைமுறை அரசியலில், வென்ற தலைவருக்காக மேடையோரம் எந்தத் தூக்குக்காரரும் காத்திருப்பதில்லை என்று அவரே குறைப்பட்டுக்கொள்கிறார். தனக்கான தூக்குக்காரரைத் தானே அமர்த்திக்கொண்டவன் என்று லெலூஷைச் சொல்லலாம்.

பத்து லட்சம் முகமூடிகள்

அவனுடைய அரசியல் வாழ்வில் மிகச் சிறந்த செயல் எது என்று கேட்டால், ரசிகர்களில் பலர் இறுதிக் காட்சியைச் சொல்வார்கள். இரண்டாம் பருவத்தின் 8ஆம் அத்தியாயமே அந்த இடத்துக்கு உரியது. ஆளுநராக வந்த நனலி, யூஃபெமியாவின் மண்டலத்தை மீண்டும் அறிவிக்கிறாள். ஸீரோவை நாடுகடத்தினால் பத்து லட்சம் ஜப்பானியரைக் கொண்டுவருவதாக மறைவில் பேரம் பேசுகிறான் லெலூஷ். விழா நாளில், திரண்ட கூட்டம் மொத்தமும் ஸீரோவின் முகமூடியும் உடையும் அணிந்து நிற்கிறது. ஸீரோவைத்தானே நாடுகடத்தச் சொன்னீர்கள். இதோ, எல்லாரும் ஸீரோ. சுசாக்கு சுட ஆணையிடவில்லை. பத்து லட்சம் பேரும் சீனக் கூட்டமைப்புக்குக் கப்பலேறுகிறார்கள்.

இந்த வெற்றிக்குக் கியாஸ் தேவைப்படவில்லை. ஹன்னா ஆரெண்ட் 1970இல் வெளியிட்ட ‘வன்முறை குறித்து’ நூலில் அதிகாரத்தையும் வன்முறையையும் எதிரெதிராக நிறுத்தினார்: மக்கள் கூடிச் செயல்படும்போது பிறப்பது அதிகாரம்; அது வற்றிய இடத்தில் புகுவது வன்முறை. முகமூடி அணிந்த அந்தக் கூட்டம் ஆரெண்டின் பொருளில் அதிகாரம். பேரரசின் பீரங்கிகள் அதன் முன்னால் பயனற்று நிற்கின்றன.

கூட்டமைப்பும் பறக்கும் கோட்டையும்

பின்னர் ஸீரோ நாடுகளின் கூட்டமைப்பு ஒன்றை நிறுவுகிறான். உறுப்பு நாடுகள் சொந்தப் படையைக் கைவிட்டு, பாதுகாப்பைக் கருப்பு வீரர்களிடம் ஒப்படைக்கின்றன. நிலைப்படைகள் காலப்போக்கில் ஒழிய வேண்டும், சுதந்திர அரசுகள் கூட்டமைப்பாக இணைய வேண்டும் என்று கான்ட் 1795இல் ‘நிலையான அமைதி’யில் வரைந்த திட்டத்தின் சாயல் இதில் உண்டு. 99ஆம் பேரரசனான பிறகு லெலூஷ் இதே கூட்டமைப்பில் சேர வருகிறான். வாக்குரிமை மக்கள்தொகைக்கு ஏற்ப என்பதால், பிரிட்டானியா உள்ளே வந்தால் அவன் ஒருவனே பெரும்பான்மை என்பதை ஜப்பானின் காகுயா சுட்டிக்காட்டுகிறாள். ஒற்றை முடியரசு உலகை விழுங்கினால் அது உயிரற்ற கொடுங்கோன்மையாகும் என்று கான்ட் எச்சரித்ததை, ஓர் இளம்பெண் வாக்குக் கணக்காகப் போட்டுக் காட்டும் இடம் அது.

லெலூஷின் அண்ணன் ஷ்னைசலின் விடை வேறு. டமோக்கிளிஸ் என்னும் பறக்கும் கோட்டையிலிருந்து பேரழிவுக் குண்டுகளை உலகின் தலைமேல் நிறுத்திவிட்டால், யாரும் போர் தொடுக்க மாட்டார்கள். ஹாப்ஸின் ‘லெவியத்தான்’ (1651) அச்சத்தின் மேல் அரசைக் கட்டியது உண்மை. ஆனால் அதில் மக்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து இறையாளனை உண்டாக்குகிறார்கள். ஷ்னைசலிடம் ஒப்பந்தம் கிடையாது, அச்சம் மட்டுமே உண்டு. சார்ல்ஸோ மனிதர் மனங்களையெல்லாம் ஒன்றாகக் கரைத்துப் பொய்யே இல்லாத உலகம் செய்யப் பார்த்தார். தந்தை நேற்றையும் அண்ணன் இன்றையும் உறையவைக்க முயல்கிறார்கள், தனக்கு வேண்டியது நாளை என்பது லெலூஷின் வாதம்.

ஸீரோ ரெக்வியம்

அரியணை ஏறிய லெலூஷ் பிரபுத்துவத்தையும் காலனி முறையையும் ஒழிக்கிறான். பின் வேண்டுமென்றே கொடுங்கோலனாகி, உலகின் வெறுப்பு முழுவதையும் தன் பக்கம் திருப்புகிறான். எதிரிகளைக் கொலைக்களத்துக்கு இட்டுச் செல்லும் ஊர்வலத்தில், ஸீரோவின் முகமூடி அணிந்த சுசாக்கு அவனை எல்லார் கண்முன்னும் வாளால் குத்திக் கொல்கிறான். இது ‘ஸீரோ ரெக்வியம்’ என்ற பெயரில் இருவரும் முன்பே பேசி முடித்த ஏற்பாடு. சரிந்து விழும் அண்ணனின் கையைத் தொடும் நனலிக்கு மட்டும் அங்கேயே உண்மை புரிகிறது. அவள் அலறலைக் கூட்டத்தின் ஆரவாரம் மூழ்கடிக்கிறது.

மாக்கியவெல்லி ‘இளவரசன்’ நூலின் 7ஆம் அதிகாரத்தில் ஒரு செய்தி சொல்கிறார். ரொமாஞா பகுதியை அடக்க, செசாரே போர்ஜியா கொடூரனான ரெமிரோ தெ ஓர்கோவை அமர்த்தினார். ஊர் அடங்கியது, வெறுப்பு மிஞ்சியது. 1502 டிசம்பரில் ஒரு காலை, செசேனா நகரச் சதுக்கத்தில் ரெமிரோவின் உடல் இரண்டு துண்டாகக் கிடந்தது. அருகே வெட்டுக்கட்டையும் இரத்தக் கத்தியும். மக்களுக்கு ஒரே நேரத்தில் மனநிறைவு, திகைப்பு. தூதுப்பணியாக அக்காலத்தில் போர்ஜியாவோடு இருந்தவர் மாக்கியவெல்லி.

லெலூஷின் கதை இதே நாடகம்தான். போர்ஜியா கொடுமையை இன்னொருவன் கையால் செய்வித்து, பழியையும் அவன் உடலோடு வெட்டிப் போட்டார். லெலூஷ் போர்ஜியாவாகவும் ரெமிரோவாகவும் தானே இருக்கிறான். திட்டமும் அவனுடையது, வெட்டுண்ட உடலும் அவனுடையது. மாக்கியவெல்லியின் இளவரசன் அஞ்சப்படலாம், வெறுக்கப்படலாகாது. இவனோ வெறுப்பை முதலீடாகப் போடுகிறான். மாக்கியவெல்லியின் வழிமுறையை வைத்துக்கொண்டு, அதன் இலக்கான ஆட்சியை நிலைநிறுத்துவதை விட்டுவிட்டவன் என்பதால், அவனை மாக்கியவெல்லியன் என்று அழைப்பது பாதிதான் சரி.

பிரெஞ்சு அறிஞர் ரெனே ஜிரார் விவரித்த பலியாடு முறையும் இதனுள் இயங்குகிறது. சமூகம் தன் உட்பகையை ஒருவர் மேல் ஏற்றி, அவரைக் கொன்று அமைதி பெறுகிறது. அவர் உண்மையிலேயே குற்றவாளி என்று எல்லாரும் நம்பும்வரைதான் இது பலிக்கும். ஆகவே லெலூஷின் அமைதிக்கு ஒரு பொய் நிரந்தரமாகத் தேவை. காம்யுவின் கொலையாளி எதற்காகச் சாகிறானோ அது ஊருக்குத் தெரியும். லெலூஷ் செலுத்தும் விலை உண்மையானது, அதற்கு அவன் தரும் இரசீது போலி. கூட்டம் அவனைத் தண்டிப்பது அவன் நடித்த கொடுமைகளுக்காக. யூஃபெமியாவுக்குச் செய்ததற்காக எவரும் அவனைத் தண்டிக்கவில்லை. தொலைக்காட்சித் தொடரில் அவள் மேல் விழுந்த பழி ஊரறியத் துடைக்கப்படுவதும் இல்லை. புதிய உலகில் ஸீரோவுக்குத் துணைநிற்கும் ஷ்னைசலும், ஸீரோவுக்குப் பணியும்படி கியாஸால் கட்டப்பட்டவர்தான். விருப்பம் பறிக்கப்பட்ட ஒருவரின் அறிவு அந்த அமைதியின் அடித்தளத்தில் கிடக்கிறது.

விமர்சனங்கள்

தொடர் மீதான முக்கியமான அரசியல் ஆட்சேபம் நாயகனைப் பற்றியதன்று. 1895இல் தைவானையும் 1910இல் கொரியாவையும் தன்னோடு இணைத்து, 1940 முதல் கொரியரை ஜப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ளச் செய்த நாட்டில் உருவான கதை இது. அதில் பெயர் பறிபோனவர்கள் ஜப்பானியர். விசுவாசம் காட்டுவோருக்குக் கிடைக்கும் ‘கௌரவ பிரிட்டானியர்’ தகுதி, பேரரசுக் கால ஜப்பானின் கொள்கைகளை நினைவூட்டுவது. இந்தத் தலைகீழாக்கத்தைத் தன் பார்வையாளர்களுக்கான கண்ணாடியாகத் தொடர் பயன்படுத்தியிருக்கலாம். பெரும்பாலும் ஆறுதலாகவே பயன்படுத்தியிருக்கிறது.

2017–18இல் வந்த மூன்று தொகுப்புத் திரைப்படங்கள் கதையைச் சில இடங்களில் மாற்றின. அவற்றில் ஷெர்லி சாவதில்லை. அந்தக் கிளையைத் தொடரும் 2019 திரைப்படத்தில் லெலூஷ் உயிர்த்தெழுகிறான். ரசிகர்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உயிரே விலை என்ற கணக்கின் மேல் நின்ற வாதங்கள் எதுவும் அந்தப் படத்துக்குப் பொருந்தாது என்பதால், அவன் அறம் பற்றிய விவாதங்கள் இன்றும் தொலைக்காட்சித் தொடரின் 50 அத்தியாயங்களையே அடிப்படையாகக் கொள்கின்றன.